உயிர்துறக்க உதவும் சட்டம் வந்தால்: செவிலியருக்கு என்ன பாதுகாப்பு?

அனைவருக்கும் வணக்கம். மருத்துவ உதவியுடன் உயிர்துறப்பது சட்டமானால் நம் நிலை என்ன என்று பலர் கேட்கிறீர்கள். சட்டம் வேண்டுமா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் விருப்பமில்லாத செவிலியரை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, சட்டப்படி பங்கேற்பவரைக் குற்றவாளி போல நடத்தவும் கூடாது. இதில் நாம் ஒன்றாக நிற்க வேண்டும்.

கனடாவில் 2016 முதல் நர்ஸ் பிராக்டிஷனர்களே (கூடுதல் பயிற்சியும் அதிகாரமும் பெற்ற செவிலியர்) நோயாளியின் தகுதியை மதிப்பிட்டு மருந்தும் கொடுக்கலாம். நியூசிலாந்தில் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், இந்தப் பேச்சை நோயாளிதான் தொடங்க வேண்டும் என்றது. இரு நாடுகளிலும் மனச்சாட்சிப்படி மறுக்கலாம்.

எனக்குப் பெரிய கவலை இரவுப் பணிதான். வார்டில் தனியாக இருக்கும்போது நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது, எதைப் பதிவு செய்வது, யாரை அழைப்பது? ஊசி போடுவதிலிருந்து விலகலாம், சரி. வலிக்கு மருந்து கொடுப்பது, வாயைத் துடைத்துவிடுவது, குடும்பத்தாரோடு பேசுவது இவற்றிலிருந்து விலக முடியாது, விலகவும் கூடாது. அப்படியானால் மருந்தை எடுத்து வைப்பதும் நரம்பில் கேனுலா (மருந்து செலுத்தும் மெல்லிய குழாய்) போடுவதும் எந்தப் பக்கம்? அந்தக் கோட்டைச் சட்டமே போட வேண்டும், வார்டு பொறுப்பாளரின் மனநிலைக்கு விடக் கூடாது. மறுத்தவரின் பதவி உயர்வோ பணி அட்டவணையோ பாதிக்கப்படக் கூடாது. பங்கேற்றவருக்கு அப்புறம் மனநல ஆதரவு வேண்டும்.

எந்தெந்த வேலைகளைப் பங்கேற்பாகக் கருதுகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். நோயாளிகளின் விவரம் எதையும் பகிர வேண்டாம்.