அம்மாவின் சுங்குடியும் பூரிக் கடலும்

தென்காசி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்னாலேயே வந்திருக்கிறது. நான் ஊரில் இல்லை, திரும்பி வந்துதான் பிரித்தேன். முட்டிவலி இன்னும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, மாடிப்படி ஏறுவதையாவது குறைத்துக்கொள். பேரன் நடக்க ஆரம்பித்ததில் எனக்கும் ரொம்ப சந்தோஷம்.

நான் பூரிக்குப் போயிருந்தேன். அம்மாவின் ஆசை உனக்குத் தெரியும். சமையலறைச் சுவரில் இருந்த அந்த வட்டக்கண் ஜகந்நாதர் படத்தைப் பார்த்துக்கொண்டே அவள் காலம் முடிந்துவிட்டது. இருக்கும்போது கூட்டிப்போகவில்லையே என்ற வருத்தம் எனக்கு விடவே இல்லை. வருஷத் திதி முடிந்ததும் அவளுடைய பச்சைச் சுங்குடியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டேன். "அதைக் கட்டிக்கிட்டு முழுகிட்டு, அங்கேயே கடலில் விட்டுட்டு வந்துடு" என்று பெரியம்மா சொல்லியிருந்தாள்.

அங்கே கார்த்திகை மாதம் நமக்கு முன்பே, ஐப்பசியிலேயே, தொடங்கிவிடுகிறது. விடியும் முன் சுவர்க்கத்வாரம் என்ற கடற்கரைப் பக்கம் போனேன். ஒரிசா முழுவதிலுமிருந்து பெண்கள், பெரும்பாலும் வயதான கைம்பெண்கள், அந்த மாதம் முழுக்கப் பூரியில் தங்கி விரதம் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹபிஸ்யாளி என்று பெயர். இருட்டிலேயே முழுகுகிறார்கள், ஒரே வேளை சாப்பிடுகிறார்கள், துளசி மாடத்தருகே வண்ணப்பொடியில் கோலம் போடுகிறார்கள். பக்கத்திலேயே மயானம், சிதை எரிந்துகொண்டிருந்தது. எனக்குப் பயமாக இல்லை கோமதி. அந்தப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அலைக்குள் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் கடலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மகோததி.

முழுகுவதற்கு, கொஞ்சம் தள்ளி நீலக்கொடி பறக்கும் பகுதிக்குப் போனேன். சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்கு டென்மார்க்கில் இருக்கும் ஓர் அமைப்பு 33 அளவுகோல்களை வைத்துக் கொடுக்கும் சான்று அது. 2020 அக்டோபரில் இந்தியாவில் முதன்முதலாக எட்டுக் கடற்கரைகளுக்குக் கிடைத்தபோது பூரியும் அதில் ஒன்று. சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துக்கு அடுத்த வருஷம் கிடைத்தது. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். உடை மாற்ற அறை, கழிப்பறை, குளிக்க எல்லை, காவலுக்கு ஆள் எல்லாம் உண்டு. அந்தப் பகுதி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதைத் தாண்டினால் பிளாஸ்டிக் கோப்பைகள் கிடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்த இடத்தில் வெறுங்காலோடு நடக்கும்போது, நாம் இருவரும் கல்யாணத்துக்கு முன்னால் ராமேசுவரம் போனது நினைவுக்கு வந்தது. அக்னி தீர்த்தத்தில் யாரோ விட்ட வேட்டி உன் காலைச் சுற்றி, நீ தடுமாறி என் தோளைப் பிடித்தாயே! செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் கோவிலுக்குள் போகிறோம். அதே சாமியின் தீர்த்தத்தில் மட்டும் பழந்துணியை எப்படி மனசு வந்து விடுகிறோம்?

நானும் அதைத்தான் செய்ய இருந்தேன். மூன்று முழுக்குப் போட்டு, வேறு சேலை மாற்றிக்கொண்டு, சுங்குடியைச் சுருட்டி அலையோரம் வைத்தேன். சாக்குப்பையோடு குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து அதை எடுத்தாள். திட்டவில்லை. "மா, மா" என்று ஒரியாவில் என்னவோ சொன்னாள். கூம்புத் தொப்பி போட்ட நுலியா ஒருவர் வந்தார். குளிப்பவர்களைக் காப்பாற்றும் மீனவர்கள் இவர்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். அவள் சொன்னது இதுதானாம்: "ஜகந்நாதர் மரக்கட்டையாக இந்தக் கடலில்தான் மிதந்து வந்தார். அவர் வந்த வழியில் துணியைப் போடலாமா?"

இந்திரத்யும்ன மகாராஜா கதை. கரை ஒதுங்கிய அந்த மரக்கட்டையில்தான் அவர் மூர்த்திகளைச் செய்தார்கள் என்பார்கள். இன்றும் வேப்ப மரத்தில்தான் செய்கிறார்கள், 2015இல்கூடப் புதிதாக மாற்றினார்கள். நமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் கரையைப் பெருக்குகிறவள் அதை நேற்று நடந்த விஷயம்போலச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளே சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக முறுக்கிப் பிழிந்தோம்.

அப்புறம் கோவில். சிம்மத்வாரத்தில் கால் வைத்ததும் கடல் சத்தம் நின்றுவிடும், வெளியே வந்ததும் திரும்பக் கேட்கும் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோவிலுக்குள்ளேயே பிரசாதம் விற்கும் ஆனந்த பஜாரில் மண்சட்டி மகாபிரசாதம் வாங்கி, யார் எவரென்று தெரியாதவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். விறகடுப்பில் சட்டிமேல் சட்டி அடுக்கி வேகவைக்கும் சோறும் பருப்பும். அதில் மிளகாயும் கிடையாது, தக்காளியும் கிடையாது. அம்மாவுக்கு அந்தப் பருப்பு ரொம்பப் பிடித்திருக்கும்.

சரி, உன்னிடம் ஒரு வேலை கேட்கவேண்டும். சேலையை இங்கே வந்து நிழலில் உலர்த்தினேன், உப்பு வாசனை இன்னும் போகவில்லை. பாதியை வெட்டி இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். உன் தையல் மெஷினில் பேரனுக்கு ஒரு தலையணை உறை தைத்துக்கொள். மிச்சத் துணியில் எனக்கும் ஒன்று தைத்து வை. தை மாதம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
சாரதா