தெரியாதவங்க நடுவில் இருக்கப் போற மகளுக்கு

குழித்துறை

மக்களே,

உனக்க டாக்டர் குழுச் சிகிச்சைக்குப் போகச் சொன்னார்னு சொல்லிட்டு, "தெரியாத ஏழெட்டுப் பேர் நடுவில் இருந்து எனக்க பயத்தை எப்படிம்மா சொல்லுவேன்?" என்று போனில் கேட்டாயே, அதையேதான் நினைச்சிட்டு இருக்கேன். அவங்க தெரியாதவங்களா இருக்கிறதுதான் நல்லது. இஞ்ச பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருக்கிற அம்மச்சிகூட எந்த ஊரு, யாருக்க மோளுன்னு கேட்டு முடிச்ச பிறகுதான் டிக்கெட் எடுப்பா. நெஞ்சு படபடக்குன்னு நீ மார்த்தாண்டத்தில் ஒருத்தர்கிட்ட சொன்னா, சாயங்காலத்துக்குள்ள கல்யாணத் தரகர்வரை போயிரும். சென்னையில் அந்த அறையில் இருக்கிற யாருக்கும் உனக்க வீட்டுப்பேரு தெரியாண்டாம்.

இது புதுசா வந்த ஏற்பாடும் இல்ல. 1905-ல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்று ஒரு டாக்டர், சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒண்ணா இருத்திப் பேசினார். ஓய்வு, காத்தோட்டம், சாப்பாடு பற்றிச் சொல்லிக் கொடுக்கத்தான் கூட்டினார். ஒருத்தருக்கு எடை கூடினதைப் பார்த்து மத்தவங்களுக்கும் நம்பிக்கை வந்துது. குழுச் சிகிச்சையின் கதையை அங்கேயிருந்துதான் தொடங்குவாங்க.

நான் கண்ணால பார்த்தது ஒக்கிக்குப் பிறகு. 2017 நவம்பர் 30-ம் தேதி அடிச்ச புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பல. கேம்ப்புக்கு நர்சா போனப்ப, டாக்டர் கேட்டதுக்குத் தலையை மட்டும் ஆட்டின பெண்கள், புருஷனை இழந்த இன்னொருத்தி வாயைத் திறந்ததும் பேசினாங்க. "எனக்கும் அப்படித்தான், படகுச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவேன்" என்றாள் ஒருத்தி. அதைச் சிகிச்சைன்னு சொல்ல மாட்டேன், கூடி இருந்தது அவ்வளவுதான். ஆனா, தனக்கு மட்டும்தான் புத்தி கெட்டுப்போச்சோ என்கிற பயம் அதிலேயே பாதி இறங்கிச்சு.

உனக்க டாக்டர் சொல்றது அதைவிட ஒழுங்கானது. அதே ஆட்கள், வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம்போல, நடத்துறதுக்குப் பயிற்சி உள்ள ஒருத்தர். மேனேஜர் கூப்பிட்டாலே வேலை போச்சுன்னு நீ நினைக்கியே, அதே மாதிரி நினைப்பை இன்னொருத்தர் சொல்லும்போது அதில் உள்ள கோணல் உனக்குச் சட்டுன்னு தெரியும். பிறகு உனக்க நினைப்பிலும் தெரியத் தொடங்கும். வீட்டுப்பாடம் தருவாங்க: தவிர்க்கிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா போறது, படுத்தே கிடக்கிற நாளில் ஒரு சின்ன வேலையாவது செய்றது. நாலு பேர் முன்னாடி வாய் திறக்க நடுங்குறவளுக்கு அந்த அறையே பயிற்சிதான். முதல் நாள் பேர் மட்டும் சொல்லிட்டு இரு, பேசாண்டாம்.

ரகசியத்தைப் பற்றிக் கேட்டாய். சிகிச்சை தர்ற டாக்டர் மாதிரி ஆட்களை ரகசியம் காக்கச் சொல்லி 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் கட்டுப்படுத்தும். கூட இருக்கிறவங்களைக் கட்டுறது அவங்க கொடுக்கிற வாக்கு மட்டும்தான். அதனால முதல் நாளே நடத்துறவங்ககிட்ட விதி என்னன்னு கேளு. ஆபீஸ் பேரை வெளியே விடாதே.

இன்னொரு காரியம், நர்சா சொல்லுகேன். பக்கத்தில் இருக்கிறவ மாத்திரையை நிறுத்தினேன்னு சொன்னா நீ நிறுத்தாதே. அவளுக்க மாத்திரையை வாங்கியும் போடாதே. வேறொருத்தருக்க கதை மனசில் ஏறித் தூக்கம் கெட்டா நடத்துறவங்ககிட்ட சொல்லு. சாகலாம்னு நினைப்பு வந்தா அடுத்த வாரம்வரைக்கும் காத்திருக்காண்டாம். உடனே டாக்டரைக் கூப்பிடு, எனக்கும் போன் அடி. 14416-ல் டெலிமானஸ்னு அரசாங்கத்துக்க மனநல உதவி போன் இருக்கு, ராப்பகலா எடுப்பாங்க, தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ரெண்டாவது மூணாவது வாரம் களைச்சுப்போய் வருவ. நிறையப் பேர் அங்கதான் நிறுத்துவாங்க. பிடிக்கலைன்னா போகாம இருக்காதே, அங்கேயே சொல்லு. பிடிக்கலைன்னு முகத்துக்கு நேரே சொல்ற தைரியம் உனக்கு வேணும்தானே?

அப்பாக்கு இன்னும் விடியக்காலம் எழும்பி நடந்தா எல்லாம் சரியாவும்னு எண்ணம். நடக்கிறது நல்லதுதான், நடந்துக்கோ. மீதியை நான் அவர்கிட்ட பேசிக்கிடுகேன்.

ஃபீஸ் அதிகம்னா சொல்லு, ரப்பர் ஷீட் வித்த காசு இருக்கு. அங்க நடக்கிறதை எனக்கிட்ட சொல்லாண்டாம், மத்தவங்களுக்க காரியமும் அதில் இருக்கும். நீ சாப்பிட்டியா, தூங்கினியான்னு மட்டும் கேப்பேன், அதுக்கு உண்மையைச் சொல்லு.

அம்மா