சந்தேகம் கேக்க ஆள் வேணும் மாப்ள

மாப்ள,

பொங்கலுக்கு நீ போட்ட மெசேஜுக்கே இன்னும் பதில் போடல, திட்டிக்கோ. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க, அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியேதான். நம்ம பழைய வாத்தியார் 'லாக் டேபிள்' ரிட்டயர் ஆயிட்டாராம், விருந்துலயும் அட்டெண்டன்ஸ் எடுத்திருப்பாரு.

விஷயம் என்னன்னா நான் இப்ப வீடியோ வாத்தியார். சிரிக்காத. ஸ்கூல் விட்டப்புறம் பத்தாங்கிளாஸ் கணக்க வைட்போர்டுல போட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணி பசங்களுக்கு அனுப்புறேன். டியூப்லைட்ட அணைச்சிட்டு ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கணும்டா, இல்லன்னா போர்டுல ஒரு வெள்ளைப் பட்டை அடிச்சு சரியா மைனஸ் மேலயே போய் உக்காந்துக்குது.

நெட்ல இலவசமா பாடம் நடத்துற கான் அகாடமிய ஆரம்பிச்ச சல்மான் கான் (நடிகர் இல்லடா) 2004ல போஸ்டன்ல இருந்துக்கிட்டு நியூ ஆர்லியன்ஸ்ல இருந்த ஒரு சொந்தக்காரப் பொண்ணுக்கு கணக்கு சொல்லிக்குடுத்தாரு, 2006ல அதயே யூடியூப்ல போட்டா, அந்த வீட்டுப் பசங்க நேர்ல வர்றதவிட வீடியோல வர்ற நீங்கதான் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்களாம். இங்கயும் அதே கததான். நிறுத்தலாம், பின்னாடி தள்ளலாம், இதுகூட தெரியலயான்னு யாரும் மொறைக்க மாட்டாங்க.

ஆனா ஒரு பொண்ணு, வர்க்கப் பூர்த்தி (இருபடிச் சமன்பாட்டுக்கு விடை கண்டுபிடிக்கிற ஒரு முறை) வீடியோவ திரும்பத் திரும்பப் பாத்தேன் சார் சூப்பரா புரிஞ்சுதுன்னா. சரி, எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் 6 எக்ஸ் ஈக்குவல் டு 7, போடும்மான்னேன். 6ல பாதி 3, அத வர்க்கப்படுத்தி 9, அழகா இடது பக்கம் கூட்டிட்டா, வலது பக்கம் 7 அப்படியே நிக்குது. அங்கயும் 9 கூட்டி 16 வரணும். அவ முகத்துல ஒரு சந்தேகமும் இல்லடா, அதான் எனக்கு பகீர்னுச்சு. கிளாஸ்ல ஒருத்தன் சும்மா தலையாட்டுறான்னா மூஞ்சியப் பாத்தே புடிச்சிருவோம், வீடியோல யார் மூஞ்சிய பாக்குறது சொல்லு?

யூடியூப்ல வெரிட்டாசியம்னு அறிவியல் சேனல் நடத்துற டெரிக் முல்லர் இருக்காருல்ல, அவரோட 2008 சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியே இதப்பத்திதான், இயற்பியல் வீடியோ வச்சு. தெளிவா விளக்குன வீடியோ பாத்தவங்க தெளிவா இருக்குன்னுதான் சொன்னாங்க, மார்க் மட்டும் பெருசா ஏறல. பசங்க வழக்கமா நினைக்கிற தப்ப ஒருத்தன் சொல்ல, இன்னொருத்தர் கேள்வி கேட்டு அத ஒடைக்கிற மாதிரி எடுத்த வீடியோ கொழப்பமா இருக்குன்னாங்க, ஆனா அதப் பாத்தவங்கதான் நல்லா எழுதுனாங்க. அப்ப நான் வழவழன்னு தப்பே இல்லாம போட்டுக் காட்டுறது யாருக்குடா, எனக்கா?

அதனால இனிமே ஒவ்வொரு கணக்குலயும் நடுவுல நிறுத்தி, போன வச்சிட்டு நோட்டுல போட்டுப் பாத்துட்டு வான்னு சொல்லப் போறேன். அது மட்டும் பத்தாது. "ஒரு பக்கம் மட்டும் 9 கூட்டுனா என்ன சார் ஆயிடும்?"னு கூசாம கேக்க ஒரு ஆள் வேணும், நானே ரெண்டு கொரல்ல பேசுனா கூத்து மாதிரி இருக்கு. அந்த விஷயத்துல நம்ம செட்லயே உன்ன அடிச்சிக்க ஆளு உண்டா?

சனிக்கிழம வந்துரு, சாப்பாடு நம்ம வீட்லதான். வெள்ளச் சட்ட மட்டும் போட்டுட்டு வராத, போர்டோட போர்டா கலந்துருவ.