வௌவால் கூடத்துக்குக் குழந்தைகளுடன் செல்வோர் கவனத்துக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தின் 'ஃப்ரஜைல் ஃபாரஸ்ட்', இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குத் தோட்டத்து வௌவால் கூடம் போன்ற இடங்களில் பழந்தின்னி வௌவால்களுக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே கம்பியோ கண்ணாடியோ இல்லை. வௌவால்களிடமிருந்து பரவக்கூடிய நிப்பா வைரஸ் நோய் பற்றிய கேரளச் செய்திகளைப் படித்த பெற்றோர், "நிப்பா வந்துவிடுமா?" என்று கேட்கிறார்கள்.

கவலை நியாயம்தான், ஆனால் அது இடம் மாறி நிற்கிறது. 1999இல் சிங்கப்பூரில் நிப்பா தொற்றிய 11 பேரும் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள். மலேசியாவிலிருந்து வந்த பன்றிகள் வழியாகவே அவர்களுக்கு அது பரவியது. பங்களாதேஷில் வௌவால் வாய்வைத்த ஈச்சம்பதநீரும், நோயாளியை அருகிலிருந்து கவனித்ததும் காரணமாயின. கூடத்துக்குள் சிறிது நேரம் நடந்துவரும் பிள்ளைக்கு இந்த வழிகள் எதுவும் பொருந்தாது.

பொருந்துவது நடைபாதையோரக் கைப்பிடிக் கம்பி வழியே வரும் ஆபத்து. பழந்தின்னி வௌவால் பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். தின்றது பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் வெளியேறிவிடும். சக்கை, எச்சம், சிறுநீர் மூன்றும் கீழே இருப்பதன்மேல் விழும். எச்சத்தில் சால்மொனெல்லா போன்ற குடல் கிருமிகள் இருக்கலாம். பெரியவர்களின் இடுப்புக்கு வரும் கம்பி நான்கு வயதுப் பிள்ளைக்கு வாய் உயரம். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடல்நீர் வற்றுவதும் வேகமாக நடக்கும்.

எனவே சூப்பான், பால் போத்தல், நொறுக்குத்தீனி எதுவும் உள்ளே வேண்டாம். தள்ளுவண்டியையும் வெளியே விட்டுவிடுவது நல்லது. அதன் சக்கரத்தில் ஒட்டியது வீட்டுக் கூடம்வரை வரும். வெளியே வந்ததும் சோப்பு போட்டு ஓடும் நீரில் 20 விநாடி கைகழுவ வேண்டும். பலர் கிருமிநாசினி ஜெல்லை ஒரு துளி தடவிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறார்கள். அழுக்குப் படிந்த கையில் ஜெல் சரியாக வேலை செய்யாது. குழாய் எங்கோ தொலைவில், ஐஸ்கிரீம் கடை வாசலிலேயே என்று அமைத்தால் பெற்றோரை மட்டும் குறைசொல்ல முடியாது.

அரிதானது, ஆனால் உயிருக்கே ஆபத்தானது, கீறலும் கடியும். வெறிநோய்க் (ரேபிஸ்) கிருமியின் உறவினங்களான லிஸ்ஸா வைரஸ்கள் வௌவாலின் எச்சிலில் இருக்கலாம். விலங்குத் தோட்டத்தில் வளர்ந்தது என்பதே உத்தரவாதம் ஆகாது. 1997இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் தோட்டத்திலிருந்து டென்மார்க்குக்குச் சென்ற எகிப்தியப் பழந்தின்னி வௌவால்களில் ஐரோப்பிய வௌவால் லிஸ்ஸா வைரஸ் கண்டறியப்பட்டது. பார்வைக்கு நலமாக இருந்தவற்றிலும் அதன் தடயம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2013இல் எட்டு வயதுச் சிறுவன் ஆஸ்திரேலிய வௌவால் லிஸ்ஸா வைரஸால் இறந்தான். அவனைக் கீறியது காட்டு வௌவால். கீறியதை அவன் அப்போது பெற்றோரிடம் சொல்லவில்லை. திட்டுவார்களோ என்று பிள்ளைகள் மறைப்பதுதான் இதில் பெரிய சிக்கல். "வௌவால் தொட்டால் உடனே சொல், திட்டமாட்டோம்" என்று உள்ளே போகுமுன்பே சொல்லிவையுங்கள்.

மேலே வந்து அமர்ந்தால் கையால் தட்டக்கூடாது, பயத்தில் கடிக்கும். அசையாமல் நின்று ஊழியரைக் கூப்பிடுங்கள். தரையில் கிடக்கும் வௌவாலைத் தொடவே வேண்டாம். கீறலோ கடியோ பட்டால், ஊசிமுனை அளவு காயமே ஆனாலும், சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி மருந்தைத் தடவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டாலும் நீரால் நன்கு அலசிவிட்டுச் செல்ல வேண்டும். எந்த வௌவால் என்று ஊழியரிடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிங்கப்பூர் வெறிநோய் இல்லாத நாடு என்பதால், "வௌவால் கீறியது" என்று மருத்துவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். தடுப்பூசி போட முடிவானால் முதல் நாள் (அதை 0 என்று எண்ண வேண்டும்), 3ஆம் நாள், 7ஆம் நாள், பிறகு 14க்கும் 28க்கும் இடையே ஒரு நாள் என நான்கு தவணை. முன்பு தடுப்பூசி போடாதவருக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் தேவைப்படும். வெறிநோய்த் தடுப்பூசி ஐரோப்பிய, ஆஸ்திரேலிய வௌவால் லிஸ்ஸா வைரஸ்களுக்கு எதிராகவும் காக்கும். அறிகுறி தோன்றிய பிறகு போட்டுப் பயனில்லை.

இந்தக் கூடங்களை மூடச் சொல்லவில்லை. தீனித் தட்டையும் தொங்கும் கிளைகளையும் பாதைக்கு நேர்மேலே வைக்காமல் ஓரமாக நகர்த்தலாம். எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கினால் தூசி மூச்சில் போகும். நனைத்துத்தான் கழுவ வேண்டும். கூட்டத்தை அளவாக அனுப்பி, உள்ளே ஓர் ஊழியரை எப்போதும் நிறுத்த வேண்டும். வெளிவாசலில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கைகழுவும் தொட்டி வேண்டும். பாலர் பள்ளிகள் சுற்றுலாவுக்கு முன் பெற்றோரிடம் வாங்கும் அனுமதிப் படிவத்தில், வௌவால் கூடத்துக்குச் செல்கிறோம் என்பதைத் தனியாகக் குறிப்பிட்டால், பிள்ளை வீடு திரும்பியதும் கை, கழுத்து, தலைப்பகுதியில் கீறல் இருக்கிறதா என்று பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு விலங்கு மருத்துவரும் ஒரு குழந்தைநல மருத்துவரும்,
சிங்கப்பூர்