மாநாடு முடிந்த மறுநாள்

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பழையபடி வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. ஹாஸ்டல் லீவில் உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவர் ஊற்றிய கம்பங்கூழும் மோர்மிளகாயும் எனக்கு மறக்கவே மறக்காது. நான் விசாரித்ததாகச் சொல்.

"ஆபீஸ் வேலையாப் போறேன்னு சொல்லிட்டு வருஷா வருஷம் பனியில சறுக்கிட்டு வர்றீங்களே, எப்படிடா முடியுது, எதுக்குடா இது?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிப் டிசைனில் இருக்கிறவர்களுக்கு வருஷத்தின் பெரிய கூட்டம், பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் சாலிட் ஸ்டேட் சர்க்யூட்ஸ் மாநாடு. 1954-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. இப்போது மிஷன் தெருவில் உள்ள மேரியட் மார்க்கீ ஹோட்டலில் நடக்கிறது. ஞாயிறு வகுப்புகள், திங்கள் முதல் புதன் வரை ஆய்வுக் கட்டுரைகள், வியாழன் கருத்தரங்குகள். யார் எந்த சர்க்யூட்டை எத்தனை மில்லிவாட்டில் ஓட்டிக் காட்டினார்கள் என்பது பெரும்பாலும் அங்கேதான் முதலில் வெளியே வரும். ஆகவே எங்கள் கம்பெனி ஆள் அனுப்பும். ஆஸ்டினில் இருக்கும் ராசிபுரத்தானும் ஓரிகனில் இருக்கும் திண்டுக்கல்காரனும் இதே தொழில்தான் என்பதால் அவர்களும் வந்துவிடுவார்கள். ஊட்டிக்காரன் சான் ஹோசேயிலேயே குடியிருக்கிறான், கார் அவனுடையது.

இந்த ஏற்பாட்டின் பலமே தேதி எங்கள் கையில் இல்லை என்பதுதான். நம் பேட்ச் வாட்ஸப் குரூப்பில் "எல்லாரும் ஒரு தடவை சேரணும்டா" என்று யாராவது போடாத மாதம் உண்டா? உடனே ஒருவனுக்குப் பிள்ளை பரீட்சை, ஒருவனுக்கு வீடு கட்டும் வேலை, ஒருவனுக்கு மாமனார் உடம்பு. பேச்சு அப்படியே அடங்கிவிடும். யாரையும் குறை சொல்ல முடியாது. நண்பனைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அதனால் முதலில் தள்ளிப்போவது அதுதான். மாநாட்டுத் தேதியைத் தள்ளிப்போட முடியாது. டிக்கெட், விசா, மேனேஜர் ஒப்புதல் எல்லாம் எப்படியும் நடந்தே ஆகவேண்டியவை. அதன் வாலில் நட்பைக் கட்டிவிட்டோம். அதனால்தான் நாங்கள் நாலு பேரும் வருஷம் தவறாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இன்னொரு பொருத்தமும் அமைந்தது. பிப்ரவரி மூன்றாவது திங்கள் அங்கே ஜனாதிபதிகள் தின விடுமுறை. பே ஏரியாவில் பாதிப் பேர் காரைக் கிளப்பிக்கொண்டு டாஹோ ஏரிப் பக்கம் போய்விடுவார்கள். மாநாடு பெரும்பாலும் அதே வாரத்தில் வரும். ஊரே மலை ஏறும்போது நாங்கள் ஸ்லைடு பார்த்துக்கொண்டிருப்போம். அவர்கள் இறங்கிய பிறகு வியாழன் சாயங்காலம் நாங்கள் ஏறுவோம். அந்த வாரம் பல பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுவதால் மலை காலியாக இருக்காது, ஆனால் விடுமுறை நாளின் நெரிசல் இருக்காது.

கணக்கில் மட்டும் நாங்கள் கறார். வியாழன் ராத்திரி வரைதான் கம்பெனிச் செலவு. அதற்குமேல் வீடு, சாப்பாடு, மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு டிக்கெட் எல்லாம் சொந்தக் காசு, வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுத்தாகிவிடும். விசா பி1/பி2 என்று சேர்த்தே இருப்பதால் வேலைக்குப் போய்விட்டுச் சுற்றிப்பார்ப்பதில் சிக்கல் இல்லை. பலர் கவனிக்காத ஒன்று இன்ஷூரன்ஸ். கம்பெனி எடுத்துத் தரும் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு பல சமயம் சேர்ந்திருக்காது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு மணிக்கட்டு எலும்பு முறிவு என்ன விலைக்கு வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்கால விளையாட்டு என்று தெளிவாக எழுதியிருக்கும் பாலிசியைத் தனியாக எடுத்துக்கொண்டுதான் நான் கிளம்புவேன்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 320 கிலோமீட்டர். சாக்ரமென்டோ வரை நம் டெல்டா போலச் சமவெளி, ஆபர்ன் தாண்டினால் ஏற்றம். ஐ-80 நெடுஞ்சாலை டானர் உச்சியில் 7,239 அடி உயரத்தைத் தொடுகிறது. பனி கொட்டும் ராத்திரியில் ரோட்டோரம் மஞ்சள் விளக்கு சுழலும், செயின் சோதனை. ஆர்-2 என்று போர்டு வைத்துவிட்டால் நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி, நாலிலும் பனி டயர் என்றால்தான் அப்படியே போகலாம். மற்றவர்கள் ஓரம்கட்டிச் சக்கரத்தில் சங்கிலி மாட்ட வேண்டும். அப்படிப்பட்ட வண்டியிலும் சங்கிலி கையோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊட்டிக்காரன் பையில் அது எப்போதும் இருக்கும். வாடகைக் கார் கம்பெனிகள் பல, சங்கிலி மாட்டவே விடாது.

அந்தக் கணவாயைப் பகலில் கடக்கும்போது ஒரு தடவையாவது பழைய ரோட்டுக்கு இறங்கிப் பார்ப்போம். 1846-ல் மேற்கே குடியேறப் போன டானர் கூட்டம் பனியில் மாட்டி, ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப்போனது இங்கேதான். இருபது வருஷம் கழித்து இதே மலையில் சீனத் தொழிலாளிகள் கருங்கல்லைக் குடைந்து 1,659 அடி நீளத்துக்கு ரயில் சுரங்கம் போட்டார்கள். குளிர்காலத்தில் பனிக்கு அடியிலேயே வழி தோண்டி, அதற்குள்ளேயே நடமாடி வேலை செய்திருக்கிறார்கள். சுரங்கத்தின் சுவரில் உளி பட்ட தடம் இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது. இத்தனை பேர் விளையாட வருகிற மலைக்கு முதலில் வழி போட்டவர்கள் இவர்கள். ஒரு நிமிஷம் நின்று பார்க்காமல் தாண்டிப்போக எனக்கு மனசு வருவதில்லை.

சரி, சறுக்கலுக்கு வருகிறேன். நாங்கள் ஓட்டுவது ஸ்னோபோர்டு. ஸ்கீயில் காலுக்கு ஒரு பலகை, கைக்கு ஒரு கோல், முகம் முன்னால். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில், உடம்பு பக்கவாட்டில், கையில் ஒன்றும் கிடையாது. 1965-ல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் மகளுக்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துக் கட்டியதில் ஆரம்பித்த பலகை இது. 1977-ல் வெர்மான்ட்டில் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்ட்டர் இதற்கென்றே கம்பெனி தொடங்கினார். அப்போது பல பனிமலைகளில் பலகையோடு வந்தவர்களை லிஃப்டில் ஏற்ற மாட்டார்கள். யூட்டாவில் ஆல்டா, டியர் வேலி மலைகள் இன்றைக்கும் ஏற்றுவதில்லை. 1998-ல் நாகானோவில்தான் ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. நாங்கள் கற்றுக்கொண்ட சோடா ஸ்பிரிங்ஸ், ஐ-80 ஓரத்தில் சின்ன மலை. அங்கேதான் 1983-ல் டாம் சிம்ஸ், பாதிக் குழாய் வடிவில் பனியில் வெட்டிய ஹாஃப்பைப்பில் முதல் உலகப் போட்டி நடத்தினார். 1960 குளிர்கால ஒலிம்பிக் நடந்த பாலிசேட்ஸ் டாஹோ பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கவுன்ட்டரில் ஒரு நாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டும் நாட்கள் உண்டு. பழகுகிறவனுக்கு அவ்வளவு பெரிய மலையும் வேண்டாம், அவ்வளவு செலவும் வேண்டாம்.

முதலில் எந்தக் கால் முன்னால் என்று முடிவு செய்ய வேண்டும். பயிற்சியாளர் பின்னாலிருந்து சொல்லாமல் லேசாகத் தள்ளுவார், தானாக எந்தக் கால் முன்னே போகிறதோ அதுதான். எனக்கு வலது. அடுத்து, பலகையின் குதிகால் பக்க விளிம்பில் நிற்பது, பிறகு விரல் பக்க விளிம்பில் நிற்பது. முழு வித்தையும் இந்த இரண்டு விளிம்புகளுக்கு நடுவே மாறுவதில் இருக்கிறது. சரிவைப் பார்த்திருக்கும் விளிம்பு பனியில் கொத்திவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் ஆளைத் தூக்கி அடித்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வது அதிகம். முன்னால் விழுந்தால் கையை மூடிக்கொண்டு முழங்கையிலிருந்து முன்கையைக் கொடு, பின்னால் விழுந்தால் குந்தி உட்கார்ந்து உருண்டுவிடு என்று முதல் நாளே சொல்லித்தருவார்கள். ஹெல்மெட் இல்லாமல் நான் யாரையும் மேலே வர விடமாட்டேன்.

காலை மாட்டுவதும் சின்ன வேலை இல்லை. கம்பியில் தொங்கும் நாற்காலியில் மேலே ஏற்றும் சேர்லிஃப்டிலிருந்து ஒரு கால் மட்டும் கட்டிய நிலையில் இறங்கி, ஓரமாகப் போய்ப் பனியிலேயே உட்கார வேண்டும். பூட்ஸுக்கு அடியில் பனி அப்பி இறுகியிருக்கும். அதை, பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங்கின் ஓரத்தில் தேய்த்துச் சுரண்டி எறியாவிட்டால் குதிகால் உள்ளே முழுசாக உட்காராது. பிறகு கணுக்கால் பட்டை, விரல் பட்டை, இரண்டையும் பல்லுப்பல்லாக இறுக்க வேண்டும், கடகடவென்று சத்தம் வரும். திண்டுக்கல்காரன் இதில் மெதுவானவன். அவன் முடிக்கும்வரை மற்ற மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து எதிர்மலையைப் பார்ப்போம். அந்தப் பக்கம்தான் டாஹோ ஏரி. 501 மீட்டர் ஆழம், குளிர்காலத்திலும் உறையாது.

இந்தக் காத்திருத்தல்தான் எனக்கு முக்கியம். மலையில் ஒருவனை விட்டுவிட்டு ஒருவன் போகக்கூடாது. அது மரியாதைக்காக மட்டும் அல்ல. பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு ஃபர் மரங்களின் அடியில், கிளைகள் பனியைத் தடுப்பதால், தூரைச் சுற்றி இறுகாத பனிக்குழி உண்டாகும். வெளியே ஒன்றும் தெரியாது. தலைகீழாக உள்ளே விழுந்தால் தானாக எழுந்துவர முடியாது, சில நிமிஷத்தில் மூச்சு முட்டும். ஆகவே மரத்துப் பக்கம் போனால் ஒருவன் கண்ணில் ஒருவன் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விசில் கழுத்தில் தொங்க வேண்டும். வேலை, சம்பளம், பிள்ளைகள் என்று ஆளுக்கொரு திசையில் ஓடுகிற எங்களுக்கு, 'அவன் எங்கே, வந்துட்டானா' என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

சேர்லிஃப்டில் பேசுவது போல நாங்கள் வேறு எங்கும் பேசுவதில்லை. கையுறை போட்டிருப்பதால் போனைத் தொட முடியாது. எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் முகம் பார்த்துச் சொல்லக் கூச்சமானதும் வந்துவிடும். அப்பா போனபோது ஊருக்கு வந்து சேர முடியாமல் போனதை ராசிபுரத்தான் அங்கேதான் சொன்னான். வீடியோவில் கொள்ளி வைப்பதைப் பார்த்ததை, பெண்டாட்டியிடம்கூட விவரமாகப் பேசாததை, மேலே போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடித்தான். இறங்கி அப்படியே ஓரமாக உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் யாரும் பட்டையை இறுக்கவில்லை.

நீர்வளத் துறையில் இருக்கிற உனக்கு ஒரு செய்தி. கலிஃபோர்னியாவின் தண்ணீரில் ஏறக்குறைய 30 சதவீதம் இந்த சியரா மலைப் பனியிலிருந்து வருகிறது. கோடையில் உருகி அணைக்கு வரும். நாம் மேட்டூர் மட்டத்தைப் பார்க்கிற மாதிரி அவர்கள் ஏப்ரல் முதல் தேதிப் பனியைப் பார்ப்பார்கள். பனியில் குழாயைச் செருகி எடுத்து நிறுத்துப் பார்த்தால் அதில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். அந்தக் குழாயை நூறு வருஷத்துக்கு முன்னால் வடிவமைத்த ஜேம்ஸ் சர்ச், ரீனோவில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் மொழி சொல்லிக்கொடுத்த பேராசிரியர். 2015 ஏப்ரலில் பிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற மலை இடத்தில் அளக்கப் போனபோது பனியே இல்லை, வெறும் புல். மாநிலம் முழுக்கச் சராசரியில் 5 சதவீதம்தான். கவர்னர் ஜெர்ரி பிரவுன் அந்தப் புல்லில் நின்றுதான் நகரங்களின் தண்ணீர் உபயோகத்தில் 25 சதவீதக் குறைப்பை அறிவித்தார். 2023-ல் அதே ஏப்ரலில் சராசரியைப் போல 237 சதவீதம். இப்படி அடியோடு இல்லாமலும் அளவுக்கு மீறியும் வருகிற பனியை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் பிள்ளைகள் காலத்தில் சோடா ஸ்பிரிங்ஸ் மாதிரித் தாழ்வான மலைகளில் பனி நிற்குமா என்று ஊட்டிக்காரனிடம் அடிக்கடி பேசுவேன்.

இவ்வளவும் எழுதியது ஒரு காரியத்துக்காக. நீ வருஷம்தோறும் ஜனவரி கடைசியில் ரூர்க்கியில் தேசிய நீரியல் நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போகிறாய். போன கையோடு திரும்பி வந்துவிடுகிறாய். அங்கிருந்து ரிஷிகேஷ், தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை வழியாக ஒரு முழுப் பகல் வண்டியில் போனால் ஜோஷிமட், அதற்கு மேலே ஔலி. நந்தாதேவி எதிரே நிற்கும். கர்வால் மண்டல் விகாஸ் நிகம் அங்கே ஸ்கீ சொல்லித்தருகிறது, உடை, பலகை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். 2023-ல் ஜோஷிமட்டில் மண் இறங்கியதிலிருந்து ரோப்காரை நம்ப முடியாது, ரோடு வழியாகத்தான் ஏற வேண்டும். அந்த ஊர் வீடுகளில் விழுந்த விரிசலை உன் மாதிரி ஆள் நேரில் பார்க்கவும் வேண்டும். பனி எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளலாம்.

பயிற்சித் தேதி வந்ததும் ஆர்டரை போட்டோ எடுத்து அனுப்பு. அன்றைக்கே நான் பெங்களூரிலிருந்து டெஹ்ராடூனுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறேன். ராசிபுரத்தான் அந்தச் சமயம் ஊருக்கு வருவதாகச் சொல்கிறான், அவனையும் இழுத்துக்கொள்ளலாம். அதுவரை முட்டிக்குக் கொஞ்சம் வேலை கொடு. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்த மாதிரி தினமும் நில், தொடை நடுங்கும்வரை. நல்ல கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி நான் வாங்கி வருகிறேன், பருத்தி வேண்டாம், ஈரமானால் விறைத்துவிடும். உன் பூட்ஸ் அளவு என்ன, அதே எட்டுதானே?

உன் பழைய ரூம்மேட்