படகுக்கு எதற்கு நாற்பது வழி?

ஆசிரியருக்கு வணக்கம்.

கப்பல்களின் தொடர்புக் கருவிகளைப் பழுதுபார்த்தே ஓய்வுபெற்றவன் நான். துவாஸில் இழுவைப் படகு நடத்தும் நண்பர், சென்ற மாதம் செயற்கைக்கோள் இணைய பில்லோடு கோப்பிக்கடைக்கு வந்தார். படகு பழுதுக்காகக் கட்டிக்கிடந்த மாதம் அது. மாலுமிகள் இல்லை, கரை மின்சாரத்தில் கருவி மட்டும் விழித்திருந்தது. அப்படியும் கிட்டத்தட்ட 75 மெகாபைட் ஓடியிருந்தது. பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னார்களாம், கருவி பொருத்தியவர்கள்.

போய்ப் பார்த்தேன். அலுவலக ரூட்டரில், எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ‘ரிப்’ (RIP) நெறிமுறை போடப்பட்டிருந்தது. 1988இல் ஆவணமாக வந்த பழைய சரக்கு. தனக்குத் தெரிந்த வழிகள் அனைத்தையும், எதுவும் மாறாவிட்டாலும், 30 வினாடிக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியே படகின் ரூட்டரிடம் ஒப்பிக்கும். ஒரு பாக்கெட்டில், அதாவது ஒரு தரவுப் பொட்டலத்தில், 25 வழிகள்தான் அடங்கும். அலுவலகத்தில் இருந்தவை 40. ஆக, தடவைக்கு இரண்டு பாக்கெட், தலைப்புகளோடு 864 பைட். நாளைக்கு 2,880 தடவை. முப்பது நாளுக்குப் பெருக்கினால் பில்லில் இருந்த கணக்கு வந்துவிடுகிறது. அலுவலகத்துக் கம்பியில் இது தூசு. மெகாபைட்டுக்கு இத்தனை வெள்ளி என்று வாங்கும் வானத்தில் அப்படியில்லை.

படகிலிருந்து வெளியேற இருப்பதோ ஒரே வழி. ‘தெரியாத முகவரி எதுவானாலும் அலுவலகத்துக்கு அனுப்பு’ என்று படகில் ஒரு வரி, படகின் முகவரிகளுக்கு அலுவலகத்தில் ஒரு வரி. அந்த இணைப்பில் மட்டும் இரு பக்கமும் ரிப்பின் வாயை அடைத்தோம். அரை மணி நேர வேலை.

இரண்டு மூன்று இணைப்புள்ள கப்பலுக்கு இது போதாது. மாற்றம் வந்தால் மட்டும் பேசும்படி ரிப்புக்கு 1997இலேயே ஒரு நீட்டிப்பு வந்தது. ரிப்பைப் போலவே வழி சொல்லும் இன்னொரு நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப் (OSPF) தன் பட்டியலை அரை மணிக்கொருமுறைதான் புதுப்பிக்கும் என்றாலும், ‘இருக்கிறாயா?’ என்று வழக்கமாகப் பத்து வினாடிக்கு ஒருமுறை விசாரிக்கும். அதையும் அடக்க 1995 முதல் வசதி உண்டு. ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும்: வாயை அடைத்தால், இணைப்பு செத்ததும் ரூட்டருக்கு உடனே தெரியாது. இழுவைப் படகுக்கு அது தாங்கும் என்பது என் கருத்து. நண்பரின் கேப்டன் முகம் சுளித்தார்.

படகு வைத்திருக்கும் அன்பர்கள் அடுத்த திட்டத்தில் கையெழுத்திடும் முன் விற்பனையாளரிடம் கேளுங்கள்: படகு நங்கூரமிட்டு, ஆளில்லாமல் கிடக்கும்போது இந்த இணைப்பில் என்ன ஓடுகிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தோ பாயோ