ஆங்கரேஜிலிருந்து அம்மாவுக்கு

ஆங்கரேஜ், அலாஸ்கா
12.4.2020

அன்புள்ள அம்மாவுக்கு,

மாசியில் நீ போட்ட கடிதம் பங்குனி நடுவில்தான் வந்தது. பதில் எழுத நானும் இரண்டு வாரம் இழுத்துவிட்டேன், திட்டாதே. இந்த ஊரடங்கில் தபாலை நம்ப முடியாது. படம் எடுத்துத் தம்பி போனுக்கு அனுப்புகிறேன், அவனை வாசிக்கச் சொல்.

இங்கே பனி பகலில் உருகி, ராத்திரி கண்ணாடி மாதிரி இறுகிவிடுகிறது. ஓட்டலில் வேலை நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். நல்ல ஓய்வு.

பக்கத்து வீட்டு மீன்காரக் கிழவர் போன வாரம் என் ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்று ஒரு ஓட்டுச் சீட்டைத் தூக்கிக் காட்டினார். ஜனநாயகக் கட்சிக்கு யார் ஜனாதிபதி வேட்பாளர் என்று கட்சிக்காரர்களே தேர்ந்தெடுக்கும் ஓட்டு. ஏப்ரல் 4 அன்று நேரில் போடுவதாக இருந்தது. கொரோனாவால் எல்லாம் தபாலுக்கு மாறி, 10-ஆம் தேதிவரை நீண்டது. ஒருவரை மட்டும் குத்திவிட்டு வருவதில்லை. 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். நூற்றுக்கு 15 ஓட்டு வாங்காதவர்களைக் கடைசியிலிருந்து கழித்து, அவர்கள் ஓட்டை அடுத்த இடத்துக்காரருக்கு மாற்றிவிடுவார்கள். கிழவர் 1 போட்டது எலிசபெத் வாரனுக்கு. அந்த அம்மா மார்ச்சிலேயே விலகியாயிற்று! “தெரியும், ஆனாலும் மனசு” என்றார். 2 பைடனுக்கு. 8-ஆம் தேதி, பைடனோடு போட்டியிட்ட சாண்டர்ஸும் விலகினார். ஆனால் சீட்டில் அவர் பெயர் இருந்ததே, எண்ணிக்கையில் பைடனுக்கு 55, அவருக்கு 45 சதவீதம்.

கிழவர் கொடுத்த சால்மன் துண்டத்தில் குழம்பு வைத்தேன். புளியைக் கரைத்ததும் நம் அடுப்படி வாசனை வந்துவிட்டது. அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கும் இங்கே வெளிச்சம். உனக்கு அப்போது காலை பத்தரை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாய்.

சரி, தங்கச்சி விஷயம். மூன்று ஜாதகத்தில் என் வரிசை: முதலில் லால்குடி. தகையாவிட்டால் முசிறி. துறையூர்க்காரர்கள் நகை பேசுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அதைக் கழித்துவிடு. மாமாவிடம் கேட்பதற்கு முன்னால் அவளையே 1, 2, 3 எழுதித் தரச் சொல். மண்டபத்துக்கு இப்போது முன்பணம் கட்ட வேண்டாம், ஊரடங்கு முடியட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்வதற்கு முன்பே வாங்கி வை.

அன்பு மகன்,
பாலு

பி.கு.: இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். வங்கியில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை.